வெள்ளைப் பெட்டிக்குப் பெய்த மழை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம்தான். மாமாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ, உன் வீட்டுக்காரி, நம் வாயாடி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் விசாரிக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. உன் மனைவி சொன்னதுதான் சரி. "நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கோங்க. பேப்பர்ல கத்த முடியாது."

எனக்கு வேலை மாறியிருக்கிறது. மாகாண அரசு புதிதாகப் பருவநிலைத் துறை என்று ஒன்று தொடங்கியிருக்கிறது அல்லவா, அங்கே போட்டுவிட்டார்கள். பூமி சூடாகிறது, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நம் மாகாணமே ஆலைப் புகையைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, செய்கிற எங்களுக்குத்தான் நாக்குத் தள்ளுகிறது.

ஆலை இருக்கும் ஊர்களிலெல்லாம் காற்றை அளக்கும் பெட்டி வைத்திருக்கிறோம். காற்று மோசமானால் எங்கள் திரையில் அந்த ஊரின் எண் ஏறிச் சிவப்பாகும், நன்றாக இருந்தால் பச்சை. ஆளுக்குச் சில ஊர்கள். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஆகிவிட்டோம். "என் வகுப்பு", "உன் வகுப்பு" என்றுதான் பேச்சே. உன் ஊர் என் வகுப்பில் வந்திருக்கிறது. கடைசி பெஞ்சுக்காரன் அதுதான். பக்கத்து மேஜைக்காரர் தினமும் காலையில், "மேடம், உங்க பையன் இன்னைக்கும் ஃபெயிலு!" என்கிறார். எனக்கு மானம் போகிறது.

தம்பி அந்த ஊரில் இருக்கிறான் என்று அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. சொன்னால் ஊரை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். வந்ததும் உன் ஊரின் எண்ணைப் பார்ப்பது உன் முகத்தைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. முகமும் அப்படித்தானே, கரி அப்பிக்கொண்டு.

நகராட்சித் தண்ணீர் லாரியைப் பார்த்து ஓட்டு. வாயாடிக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 27

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல். உன் வாயாடிக்கு லேசாக இருமல். அதற்காகப் பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று நினைக்காதே. இரண்டு இருமலுக்கு நடுவில் கிடைக்கும் இடத்தில் முழுக் கதையும் சொல்லிவிடுகிறாள்.

யார் அந்தப் பக்கத்து மேஜைக்காரர்? என் அக்காவைக் கேலி பண்ணும் உரிமை எனக்கு மட்டும்தான். அது அவருக்குத் தெரியாதா?

நீ சொன்ன பெட்டியைத் தேடிப் பிடித்துவிட்டேன். நகராட்சி நூலகத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், வெள்ளையாக நிற்கிறது. தலையில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு தொப்பி. நம் பெரியப்பா குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாரே, அப்படியே இருக்கிறது. நானும் இத்தனை நாளாக அந்தச் சந்து வழியாகத்தான் லாரியை ஓட்டிக்கொண்டு போகிறேன், கவனித்ததே இல்லை.

உன் கடைசி பெஞ்சுப் பையனை இனி என்னிடம் விடு. எப்படி என்று கேட்காதே. என் அக்கா யாரிடமும் தலை குனியக் கூடாது, அவ்வளவுதான்.

உன் தம்பிப் பெண்டாட்டி உன்னை விசாரித்தாள். ஆலையில் அவளை உலர்த்தும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பாய்லருக்குப் பக்கத்துக் கட்டடம். வீட்டுக்கு வரும்போது மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாக இருக்கிறது. "கண்ணுக்கு மை வாங்குற செலவு மிச்சம்" என்று சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
லாரிக்காரத் தம்பி

*

பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுது. வாயாடியின் இருமல் நின்றதா?

உன் ஊர் பாஸ் ஆகிவிட்டதடா! சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, இந்த வாரம் இரண்டு நாள் பச்சையே வந்தது. பக்கத்து மேஜைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "என்ன மேடம், டியூஷன் வெச்சீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் காப்பி என் செலவு.

ஆனாலும் எனக்குப் புரியவில்லை. ஆலை முதலாளி புகைபோக்கிக்கு வடிகட்டி ஏதாவது மாட்டினாரா? நிலக்கரியை மாற்றினார்களா? உன் மனைவியிடம் கேட்டுச் சொல். மேலதிகாரி கேட்டதற்கு, "விசாரிக்கிறேன் சார்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ச் கடைசிவரை வரும் எண்களை வைத்து அரசு ஒரு முடிவு எடுக்கப்போகிறது. என்ன முடிவு என்று கேட்காதே, இப்போது வெளியே சொல்லக் கூடாது. பெரிய விஷயம் என்று மட்டும் தெரிந்துகொள். இதற்கே மாமா, "நீ ஓட்டை வாய்" என்று என்னைத் திட்டுகிறார்.

குழந்தையை டாக்டரிடம் காட்டு. குளிர் போய்விட்டது, இன்னும் என்ன இருமல்?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 16

அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம். மாமாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

காப்பி வாங்கிக் கொடுத்தாய் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். சின்ன வயதில் எனக்காக நீ எத்தனை வாத்தியார்களிடம் போய் நின்றிருப்பாய்! ஒரு தடவையாவது என்னால் உனக்கு ஒரு நல்ல பேர் கிடைத்ததே.

ஆலையில் என்ன மாற்றம் என்று கேட்டிருக்கிறாய். எனக்கென்ன தெரியும், நான் ரோட்டோர மரத்துக்குத் தண்ணீர் விடுகிறவன். ஊர் நன்றாக இருக்கிறது என்று எண் சொன்னால் சரி என்று வாங்கிக்கொள், துருவாதே. இப்போதெல்லாம் இருட்டு விலகுவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிடுகிறேன். உன் தம்பிப் பெண்டாட்டிக்கு என்மேல் சந்தேகம். "இவ்வளவு சுறுசுறுப்பு உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? எவளையாவது பாத்துட்டீங்களா?" என்கிறாள். "ஆமா, வெள்ளையா, ஒல்லியா, தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறா" என்றேன். கரண்டி பறந்து வந்தது.

முதலிடம் வரும் ஊருக்கு என்ன தருவீர்கள்? அதைமட்டும் காதோடு சொல். ஆஸ்பத்திரிக்கு ஏதாவது தந்தால் நன்றாக இருக்கும்.

வாயாடியை டாக்டரிடம் காட்டினோம். மூச்சோடு சேர்த்து இழுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார். சரியாகிவிடும். கவலைப்படாதே.

இப்படிக்கு,
தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். மாமாவின் முழங்கால் இப்போது அவர் பேச்சைக் கேட்கிறது. குழந்தைக்கு இழுக்கும் மருந்து எதற்கு? சளிக்கு அதெல்லாம் கொடுக்க மாட்டார்களே. விவரமாக எழுது.

முடிவு வந்துவிட்டது, நாளை செய்தித்தாளில் வரும், அதனால் சொல்லலாம். ஆலைகளின் நிலக்கரி பாய்லர்களை எடுத்துவிட்டு மின்சார பாய்லர் வைக்கப்போகிறோம். முழுச் செலவும் அரசுடையது. உலகத்தைச் சூடாக்கும் புகையும் மனிதர்கள் நெஞ்சுக்குள் போகும் கரியும் ஒரே புகைபோக்கியிலிருந்துதான் வருகின்றன, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம். எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இல்லை. காற்று மிக மோசமாக இருக்கும் ஐந்து ஊர்களை முதலில் எடுக்கிறோம். மற்ற ஊர்களுக்கு நான்கு வருடம் கழித்து.

உன் ஊர் அந்த ஐந்தில் இல்லை. முதலில் இருந்தது, ஜனவரியில் அதுதான் தலையிலேயே நின்றது. இந்த இரண்டு மாத எண்களைப் பார்த்த பிறகு நான்தான், "இந்த ஊருக்கு அவசரம் இல்லை, காத்திருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இடம் வேறொரு பாவப்பட்ட ஊருக்குப் போயிற்று. எனக்கு ஒரே நிம்மதி. நீங்கள் இருக்கும் ஊர் அவ்வளவு மோசம் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன் பார்!

உடனே பதில் போடு. உன் கிண்டலைப் படிக்காமல் போர் அடிக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

மே 29

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்கிறீர்களா? நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா அண்ணி? ஏப்ரல் மாதம் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க, அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டேன். "இல்ல. நம்மளுக்குத்தான்" என்றார். உங்களுக்கு எழுத உட்காருவார், நாலு வரி எழுதுவார், கிழிப்பார். காலையில் அவசரமாக ஓடுவதையும் நிறுத்திவிட்டார். நூலகச் சந்து வழியாக வண்டி ஓட்டுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார் என்று கூட வேலை செய்பவர் சொன்னார்.

அவர் உங்களிடம் மறைத்திருப்பார், நான் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குச் சளி இல்லை, இழுப்பு. போன வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உதடு நீலமாகிவிட்டது அண்ணி. வாயில் ஆவி பிடிக்கும் மிஷினை வைத்திருந்தார்கள். அவள் பேசாமல் படுத்திருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர், "இந்தக் காத்து இவளுக்கு ஆகாது" என்றார். வேறு காற்றுக்கு நான் எங்கே போவேன்?

அவருக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

*

ஜூன் 6

தம்பிக்கு,

நானும் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் நலம் எழுத மனம் இல்லை.

உனக்கு மூளை இருக்கிறதாடா? குழந்தை உதடு நீலமாகிக் கிடந்திருக்கிறாள், நீ எனக்கு லேசான இருமல் என்று கதை விட்டிருக்கிறாய்! அத்தை என்று எதற்கு ஒருத்தி இருக்கிறேன்? போன் செய்தால் எடுப்பதும் இல்லை. உன் மனைவி எடுத்து, "அவர் வெளியே போயிருக்கார் அண்ணி" என்கிறாள். பின்னால் நீ செருமுவது எனக்குக் கேட்கிறது.

இன்னொன்று. ஏப்ரல் கடைசியிலிருந்து உன் ஊர் எண் மறுபடியும் சிவப்பு. ஏறிய வேகத்தைப் பார்த்துப் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கை அனுப்பினோம். அவர், "மிஷின் நல்லாத்தான் இருக்கு மேடம், காத்துதான் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் காற்று எப்படி நன்றாக இருந்தது?

உன் மனைவி கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நூலகச் சந்துக்கு நீ ஏன் போவதில்லை?

எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். நீயே எழுது. கிழிக்காமல் எழுது.

அக்கா

*

ஜூன் 20

அக்காவுக்கு,

குழந்தை இன்றைக்குப் பரவாயில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தோன்றியது சரிதான். தினமும் காலையில் லாரியை நூலகத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். மரத்துக்கு அடிக்கும் குழாயை மேலே தூக்கி, பெட்டியைச் சுற்றி, வேலி, மரம், மண் எல்லாம் நனையும்படி அடித்தேன். ஆகாயத்தைப் பார்த்தும் அடித்தேன். மழை மாதிரி விழும். புழுதியும் கரியும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், பெட்டி நல்ல காற்றைக் குடிக்கும். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நூலகர் பார்த்தார். "செடிக்கு" என்றேன். அங்கே செடியே இல்லை, ஆனாலும் அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் புத்திதான். நீ வகுப்பு என்றாய், பாஸ் என்றாய், ஃபெயில் என்றாய். மார்க் வாங்கினால் பரிசு என்றுதான் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தால் முதல் நாளே சுவருக்கு வெள்ளை அடிப்போமே, அந்த மாதிரி நினைத்தேன். ஃபெயில் ஆனவனுக்குத்தான் இலை போடுவீர்கள் என்று எனக்கு எப்படி அக்கா தெரியும்? ஒரு வார்த்தை காதோடு சொல்லியிருக்கக் கூடாதா?

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. என்ன தருவீர்கள் என்று கேட்டேனே தவிர, எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. உனக்கு நல்ல பேர் வாங்கித் தருகிறேன் என்று என் பிள்ளையின் நெஞ்சிலேயே கரியை அள்ளிப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது, "அப்பா, ஜன்னலைத் திறங்க" என்று கை காட்டினாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது அக்கா.

நீ அதிகாரி. இதைத் திருத்த உன்னால் முடியாதா? என் பேர் வராமல் ஏதாவது செய்ய முடியாதா? எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது.

தம்பி

*

ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் கோபம் இருந்தது. பிறகு அதில் பாதியை என்மேல் திருப்பிக்கொண்டேன். உத்தியோகக் கட்டுப்பாடு என்று வாயை மூடிக்கொண்டு, மூட வேண்டிய இடத்தில் வகுப்பு, பெஞ்ச் என்று வாயடித்தவள் நான்.

மேலதிகாரியிடம் யாரையோ பற்றிக் கேட்பது மாதிரி கேட்டுப் பார்த்தேன். "ஒரு ஊர்ல எண்ணை யாரோ கெடுத்திருந்தா, முடிவை மாத்த முடியுமா சார்?" அவர் சொன்னது இதுதான். கெடுத்த ஆளே வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்த ஊரை மறுபடி பார்க்கலாம், ஆறாவதாகச் சேர்க்கவும் கொஞ்சம் வழி இருக்கிறது. ஆனால் அந்த ஆளின் வேலை போகும். அதோடு நிற்காமல், "நம்ம ஆபீஸ்ல இருக்கிற யாருக்காவது சொந்தக்காரன்னு தெரிஞ்சா அவ்வளவுதான் மேடம். வேண்டப்பட்ட ஊருக்குத் திட்டம் வாங்க நாடகம் போட்டாங்கன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே யாரும் தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க" என்றார்.

அதனால் சொல்கிறேன், பேசாமல் இரு. நான்கு வருடம்தானே? வாயாடியை என்னிடம் அனுப்பிவிடு. இங்கே ஆலை இல்லை, மாடியில் நல்ல காற்று. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். மாமா இப்போதே அவளுக்கு மேஜை நாற்காலி பார்த்துவிட்டு வந்தார். உன் வேலையும் இருக்கும், என் வேலையும் இருக்கும், குழந்தையும் பிழைப்பாள். உன் மனைவியிடம் பேசு. அழுவாள், சமாதானம் சொல்லு.

நான் இப்படி எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நானும் நினைக்கவில்லை.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு மறுபடியும் வந்தது, மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் வீடு. மேஜை நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். "அத்தை வீட்ல ஊஞ்சல் போடுவாங்களா?" என்று கேட்டாள். அவள் அம்மாதான், "அவ அங்க மூச்சு விடுவா சரி, நான் இங்க எப்படி விடுறது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அது மட்டும் என்றால் நான் அவளைச் சமாதானப்படுத்தியிருப்பேன். ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். அவன் அம்மாவும் அந்த ஆலையில்தான் வேலை செய்கிறாள். நம் பிள்ளைக்கு மிஷினைக் கழற்றியதும் துடைத்து அவனுக்கு வைத்தார்கள். அவனுக்குக் கழற்றினால் அதற்கடுத்த கட்டிலுக்கு. வார்டு முழுக்க அதே சத்தம். அந்த அம்மா என்னிடம், "நம்ம ஊருக்கு அந்தத் திட்டம் வரலையாமே அண்ணே, நம்ம காத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களாமே, எந்த மகராசன் சொன்னானோ" என்றாள். நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

என் பிள்ளையை நீ வைத்துக்கொள்வாய். அந்தப் பையனை நான் யார் வீட்டுக்கு அனுப்புவேன்?

அதனால் போன வாரம் உங்கள் துறையின் கிளை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நூலகரும் வந்து, பார்த்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டவர் நல்ல மாதிரி. கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "யார் சொல்லி வந்தே? இந்தத் துறையில உனக்குச் சொந்தம் யாராவது உண்டா?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார்" என்றேன். "அண்ணன், அக்கா, மச்சான்?" என்று துருவினார். "கூடப் பொறந்தவங்களே கிடையாது சார், நான் ஒத்தை ஆளு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

இனி எனக்கு எழுதாதே. போனும் வேண்டாம். இங்கே என் மனைவி வீட்டுக்காரர்களைத் தவிர உன்னை யாருக்கும் தெரியாது. இந்த ஊருக்குப் பாய்லர் வந்து, எல்லாம் முடிகிறவரைக்கும் நமக்குள் ஒன்றும் இல்லை. மாமாவிடம் சொல்லிவிடு. மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டு, வேறொரு ஊருக்குப் போய்த் தபாலில் போடுகிறேன்.

உன் வாக்குமூலம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. உன் ஊர் என் பொறுப்பு என்பதால் நேராக என் மேஜைக்கு வந்தது. கூட்டத்தில் நான்தான் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. நீ ஆகாயத்தைப் பார்த்துத் தண்ணீர் அடித்த இடம் வந்ததும் பக்கத்து மேஜைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். "மார்க்குக்காகத் தண்ணி அடிச்சிருக்கான் பாருங்க! எங்கேர்ந்துதான் வர்றாங்களோ இவனுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்டா. சிரிக்காமல் இருந்தால் என் முகத்தைப் பார்ப்பார்களோ என்று பயந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்ற வரியையும் நான்தான் வாசித்தேன். யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

உன் ஊரைச் சேர்த்தாயிற்று. ஆறாவது ஊர். ஜனவரியில் முதல் பாய்லரை நிறுத்துகிறார்கள், அடுத்த கோடைக்குள் அந்தப் புகைபோக்கியில் ஒன்றும் வராது. இது உறுதி, கையெழுத்தாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவிடம் சொல்.

அடுத்தது, உன்னை என்ன செய்வது என்பது. நகராட்சிக்கு எங்கள் துறை பரிந்துரை அனுப்ப வேண்டும். அதையும் என்னையே எழுதச் சொன்னார் மேலதிகாரி. "எச்சரித்து விடலாம், குழந்தை உடம்பு சரியில்லாதவர்" என்று எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டு நிமிர்ந்து, "என்ன மேடம், இவனுக்கு மட்டும் இவ்வளவு பரிதாபம்? தெரிஞ்சவனா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றால் உன் ஊரை அப்போதே எடுத்துவிடுவார்கள். நீ அழுதது, கையெழுத்துப் போட்டது எல்லாம் வீண்.

"இல்ல சார், யாரோ" என்றேன்.

திரும்பி வந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இந்த வாரம் உனக்கு நகராட்சியிலிருந்து உத்தரவு வரும். வேலையிலிருந்து நீக்கியிருப்பார்கள். யாரோ ஒரு அதிகாரி, ஈவு இரக்கம் இல்லாத ஆள் என்று உன் மனைவி திட்டுவாள். திட்டட்டும், ஆனால் உனக்கு மட்டும் தெரிய வேண்டும். அதை எழுதியது நான்தான்.

மாமா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. குழந்தைக்கு என்று வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் அலுவலகம் போனதும் உன் ஊர் எண்ணைப் பார்க்கிறேன், அது காற்றைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. வாயாடிக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருக்கிறது. யாரிடம் கேட்பேன்? கேட்டால், யார் அந்தப் பெண் என்பார்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா